பில்லுக்குக் காசு யார் கொடுத்தது? குமரி மாவட்டத்தில் சாதாரணப் பதிவு வேஷத்தில் வரும் விளம்பரங்கள்

"மக்களே, மார்த்தாண்டத்துல குடும்பத்தோட இருந்து சாப்பிட நல்ல கடை ஏதாவது உண்டா? ஏசி வேணும், கார் நிறுத்த இடம் வேணும், சின்னப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடம் இருந்தா ரொம்ப நல்லது."

உள்ளூர் பேஸ்புக் குழுவில் இப்படி ஒரு பதிவு வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் கடையின் பெயர், மேப் லிங்க், போன் நம்பர் எல்லாம் போட்டு "போன வாரம்தான் போனோம், கொள்ளாம்" என்கிறார். இன்னொருவர் "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்கிறார். மூன்றாமவர் பிரியாணிப் படம் போடுகிறார். பார்ப்பவருக்கு நாலு ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது போலத் தெரியும். பல நேரம் கேள்வி, பதில், படம் மூன்றும் ஒரே இடத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டவை. இங்கே கேள்விதான் விளம்பரம். பதில் அதற்கு வைத்த முத்திரை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, கேள்வியில் இருக்கும் நிபந்தனைகளை எண்ணிப் பார்ப்பது. உண்மையில் கடை தேடுகிறவர் "நல்ல கடை, அதிக விலை வேண்டாம்" என்று பொதுவாகக் கேட்பார். ஒரே ஒரு கடைக்கு மட்டும் பொருந்தும்படி நாலைந்து நிபந்தனை அடுக்கியிருந்தால், அந்தக் கடையின் சிறப்புகளைத்தான் கேள்வி உருவத்தில் சொல்கிறார்கள். அடுத்தது, பெயர் மறைத்துப் போட்ட பதிவா என்று பார்க்க வேண்டும். கடை கேட்பதற்குப் பெயரை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கேட்டவர் பதில் வந்த பிறகு திரும்பி வந்து ஏதாவது விசாரித்தாரா என்பதும் முக்கியம். தேவை உள்ளவர் "ஞாயிறு திறந்திருக்குமா?" என்றாவது கேட்பார். எழுதிக் கொடுத்ததைப் போட்டவருக்கு வேலை அதோடு முடிந்தது.

காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையைப் பற்றிப் பேசுவது குற்றமில்லை. அது ஒரு தொழில். நம் மாவட்டத்தில் எத்தனையோ இளைஞர்கள் அதில் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். காசு வாங்கியதை மறைப்பதுதான் தவறு. விளம்பரம் என்று தெரிந்தால் நாம் விலையை விசாரிப்போம், இன்னொரு கடையோடு ஒப்பிடுவோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாக நினைத்தால் அந்த விசாரணையை விட்டுவிடுவோம். மறைப்பவர்கள் விலைக்கு வாங்குவது அந்த நம்பிக்கையைத்தான்.

தயாராகும் விதம்

கடைக்காரர் நேரடியாகவோ ஏஜென்சி வழியாகவோ ரீல்ஸ் போடுகிறவருக்கு 'பிரீஃப்' என்று ஒரு குறிப்பு அனுப்புவார். அதில் அடிக்கடி வரும் கட்டளைகள் இவை: கடைப் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லாதே; "தற்செயலா இந்தப் பக்கம் வந்தோம்" என்று ஆரம்பி; அம்மாவையோ பிள்ளையையோ ஒரு வாய் சாப்பிட வைத்து முகத்தைக் காட்டு; விலை சொன்னால் குறைவான ஒரே பொருளுக்கு மட்டும் சொல்; ஒரு சின்னக் குறையும் சேர்த்துக்கொள். இந்தக் கடைசிக் கட்டளை தந்திரமானது. "ஒரே குறை, கூட்டம் ஜாஸ்தி" என்பது குறையே இல்லை, பாராட்டுதான். நிஜக் குறை வேறு மாதிரி இருக்கும்: பரோட்டா ஆறிப்போய் வந்தது, கழிப்பறை சுத்தமில்லை, பில்லில் பேக்கிங் சார்ஜ் தனியாகப் போட்டார்கள்.

கூலி எப்போதும் பணமாக வருவதில்லை. இலவசச் சாப்பாடு, ஓர் இரவு தங்கல், ஒரு புடவை, கூப்பன் கோடு வழியாக வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் கமிஷன் என்று பல வடிவம் உண்டு. "காசே வாங்கல, சாப்பாடு மட்டும்தான்" என்று சொல்பவர்கள் உண்மையாகவே தாங்கள் விளம்பரம் செய்யவில்லை என்று நம்புகிறார்கள். சட்டமும் விதிகளும் அப்படிப் பார்ப்பதில்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், தங்கல், வேலை உறவு, குடும்ப உறவு எல்லாமே சொல்லியாக வேண்டிய தொடர்புகள்தான்.

ரீல்ஸில் கவனிக்க வேண்டியது கேமரா நிற்கும் இடம். சாதாரண வாடிக்கையாளர் சமையலறைக்குள் நின்று தோசைக்கல்லைப் படம் எடுக்க முடியாது. இரண்டு பேர் உட்கார்ந்த மேசையில் மெனுவில் உள்ள அத்தனை உணவும் பரப்பி இருக்காது. முதலாளி பக்கத்தில் நின்று சிரிக்க மாட்டார். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்து, பில் காட்டாமல், 'விளம்பரம்' என்ற சொல்லும் இல்லாமல் இருந்தால் தயக்கமில்லாமல் விளம்பரம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதே வாரத்தில் வேறு இரண்டு மூன்று கணக்குகளில் அதே கடை, அதே வாசகம், அதே கோணம் வந்திருக்கிறதா என்று கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சோதிக்கும் வழிகள்

இன்ஸ்டாகிராமில் கணக்கின் பெயருக்கு மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'அபவுட் திஸ் அக்கவுண்ட்' பாருங்கள். எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, முன்பு வேறு பெயர் இருந்ததா என்பது பெரும்பாலும் தெரியும். மீம்ஸ் பக்கமாக இருந்து ஃபாலோயர்ஸ் சேர்த்த பிறகு 'குமரி ருசி' போன்ற பெயருக்கு மாறிய கணக்குகள் இதில் வெளிப்படும். பேஸ்புக் பக்கங்களுக்கு 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' இதே வேலையைச் செய்யும்.

மெட்டா நிறுவனத்தின் 'ஆட் லைப்ரரி'யை லாகின் இல்லாமலே திறக்கலாம். நாடு இந்தியா, வகை எல்லா விளம்பரங்களும் என்று தேர்ந்தெடுத்து, பக்கத்தின் பெயரைப் போட்டால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் வரும். நம் நாட்டில் வணிக விளம்பரம் ஓடி முடிந்ததும் பொதுவாக அங்கிருந்து போய்விடும், அதனால் சந்தேகம் வந்த அன்றே பார்ப்பது நல்லது. பேஸ்புக்குக்குப் பணம் கட்டி ஓட்டியவை மட்டுமே அந்தத் தேடலில் சிக்கும். கடைக்காரர் ரீல்ஸ்காரரின் கையில் கொடுத்த காசு அங்கே தெரியாது. ஆகவே 'ஆட் லைப்ரரியில் இல்லை' என்பது 'விளம்பரம் இல்லை' என்பதற்குச் சான்றாகாது.

கூகுள் மேப் ரிவியூக்களை 'நியூவெஸ்ட்' என்று வரிசைப்படுத்துங்கள். மாதத்துக்கு ஒன்று இரண்டு வந்துகொண்டிருந்த கடைக்கு ஒரே வாரத்தில் ஐந்து நட்சத்திரம் மளமளவென்று விழுந்திருந்தால் எழுதியவர்களின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். நேற்று நாகர்கோவில் பேக்கரி, அன்றைக்கே ஜெய்ப்பூர் ஹோட்டல், ஹைதராபாத் பல் மருத்துவமனை என்று எழுதியிருந்தால் காரியம் விளங்கிவிடும். மொத்த மதிப்பெண்ணைவிட மூன்று நட்சத்திர ரிவியூக்கள்தான் படிக்கத் தகுந்தவை. கூலி வாங்கியவரும் கோபத்தில் எழுதுபவரும் அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது அபூர்வம்.

லாட்ஜ், ரிசார்ட் பதிவுகளைச் சபரிமலை சீசனுக்கும் கோடை விடுமுறைக்கும் முன்னால் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். வெளியூர்க்காரருக்குத் தூரம் தெரியாது என்ற நம்பிக்கையில் எழுதப்படுபவை அவை. "கன்னியாகுமரி ரிசார்ட், அருவி பக்கத்துல" என்று இருந்தால், கன்னியாகுமரி ஊரிலிருந்து திற்பரப்பு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். மாவட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாக இருப்பதை விளம்பரக்காரர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். "அறையிலிருந்தே சூரிய உதயம்" என்றால் போன் செய்து அறை எண்ணைக் கேட்டு, ஜன்னல் எந்தத் திசை, நடுவில் கட்டடம் உண்டா என்று கேளுங்கள்.

தேன், பொடி, விசா

சாப்பாட்டுக் கடையில் ஏமாந்தால் சில நூறு ரூபாயோடு போகும். பொருள் விற்பனையில் இழப்பு அதிகம். "எங்க மாமா பேச்சிப்பாறை மலையில இருந்து எடுத்த காட்டுத்தேன், வீட்டுக்குப் போக மிச்சம் கொஞ்சம் இருக்கு" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருவதை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டம் வட்டாரத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் பணி மூலம் பெட்டியில் தேனீ வளர்ப்பு பரவியது. இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டங்களில் வைத்த பெட்டிகளில் இருந்து வருவது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் முக்கியமான சீசன். ஆண்டு முழுவதும் 'மாமாவின் மிச்சம்' தீராமல் வருகிறது என்றால் அது வீட்டு மிச்சமில்லை, கடை. பெட்டித்தேன் மட்டமும் இல்லை. அதை ஏன் காட்டுத்தேன் என்று சொல்லி விற்க வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகிறது, தீக்குச்சியில் தடவினால் எரிகிறது, காகிதத்தில் ஊறவில்லை என்று காட்டும் வீடியோக்களும் விளம்பரத்தின் பகுதிதான். இந்தச் சோதனைகள் அதிகம் போனால் நீர்ச்சத்து கூடுதலா குறைவா என்று காட்டும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இவற்றில் தேறிவிடும். தேன் உறைந்து குருணையாவதைக் கலப்படம் என்பதும் தவறு. ரப்பர்த் தேன் இயல்பாகவே சீக்கிரம் உறையும்.

மார்த்தாண்டம் தேனுக்கும் குமரி மட்டி வாழைப்பழத்துக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் எல்லாப் பதிவிலும் ஒட்டிக்கொண்டது. பொருளுக்குக் குறியீடு கிடைத்திருப்பது வேறு, இந்த விற்பனையாளர் அதைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர் என்பது வேறு. பாட்டிலில் பார்க்க வேண்டியவை: தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கும் 14 இலக்க எண். அந்த எண் 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. எண்ணை அந்த அமைப்பின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் உள்ளது, இன்னும் நடப்பில் உள்ளதா என்று தெரியும். நம்பரே கொடுக்காமல் ஜிபே ஸ்கேனர் மட்டும் அனுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

"அம்மாவுக்கு சுகர் முந்நூறு இருந்தது, இந்தப் பொடி குடிச்சு மாத்திரையே நிறுத்திட்டோம்" என்ற வகைப் பதிவுகளை மன்னிக்கவே கூடாது. நீரிழிவு, உடல்பருமன், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. விற்பவர் நேரடியாகச் சொல்ல முடியாததைத்தான் 'மகள் சொன்னதாக' எழுத வைக்கிறார்கள். இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குச் சிறுநீரகமும் கண்ணும்தான் விலை.

வளைகுடா வேலையும் அப்படித்தான். குளச்சலிலிருந்து நீரோடி வரை கடலோர ஊர்களில் பல வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதால், "என் மச்சான் இந்த ஆபீஸ் வழியாத்தான் குவைத் போனான், சல்லி குறைவு" என்ற கமென்ட் ஒன்று போதும். பார்க்க வேண்டியது ஆபீசின் ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையை இல்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுக்குப் பதிவு வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பெயரைத் தேடினால் பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. ரசீது தராதவர், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர், வேறொரு பதிவு பெற்ற ஏஜென்டின் 'சப் ஏஜென்ட்' என்று சொல்பவர், இவர்களில் யார் வந்தாலும் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

ரிவியூ எழுதினால் காசு

வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வரும் வேலை வாய்ப்பு இது. ஒரு வகையில், ஷாப்பிங் தளத்தில் முழு விலை கட்டிப் பொருளை வாங்கி, படத்தோடு ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பணம் யு.பி.ஐ.யில் திரும்பும் என்பார்கள். திருப்பி அனுப்பும் நாளைத் தள்ளித் தள்ளிப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு நம்பரை பிளாக் செய்வார்கள். பேச்சு தளத்துக்கு வெளியே நடந்ததால் தளமும் கைவிரிக்கும்.

இன்னொரு வகை மோசமானது. மேப்பில் ஹோட்டலுக்கு ரிவியூ போட்டால் 150, 200 ரூபாய் என்று முதலில் கொடுத்துவிடுவார்கள். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்து 'பிரீபெய்டு டாஸ்க்' என்று பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு, டெபாசிட் கட்டு என்று இழுப்பார்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. முதலில் வந்த அந்த 200 ரூபாய் வேறு யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம்.

ரீல்ஸ் போடுகிற தம்பி தங்கைகளுக்கு

விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ.யின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடப்பில் உள்ளன. கணக்கு எளிது. 15 விநாடிக்குள் உள்ள வீடியோவில் விளம்பரம் என்ற அடையாளம் குறைந்தது 3 விநாடி திரையில் நிற்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 45 விநாடி ரீல்ஸுக்கு 15 விநாடி. 2 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். கேப்ஷனில் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும், ஏனென்றால் மீதி 'மோர்' என்பதற்குள் மறைந்துவிடும். இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒன்றாகச் சொருகினால் சொன்னதாக ஆகாது. அடையாளம் ஆங்கிலத்திலோ வீடியோவின் மொழியிலோ இருக்கலாம். தமிழில் பேசிவிட்டு யாருக்கும் புரியாத சுருக்கெழுத்துப் போடுவதைவிட 'விளம்பரம்' என்று எழுதுங்கள். சாப்பாடு இலவசம் என்றால் "இந்தச் சாப்பாடு கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது" என்று வாயாலும் சொல்லுங்கள். காட்சியைப் பார்க்காமல் கேட்பவர்களும் உண்டு.

இன்ஸ்டாகிராமின் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' அடையாளத்துக்குப் புரொஃபஷனல் கணக்கு வேண்டும். யூடியூபில் வீடியோ விவரங்களில் 'பெய்டு புரமோஷன்' பெட்டியை டிக் செய்தால் தொடக்கத்தில் சில விநாடி அறிவிப்பு வரும். அது போய்விடுகிறது என்பதால் நீங்களும் தனியாக எழுதுவது அவசியம்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 21ஆம் பிரிவுப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் பேசியவரை ஓராண்டும், திரும்பச் செய்தால் மூன்றாண்டு வரையும் விளம்பரம் செய்யாமல் தடுக்கலாம். சொன்னது உண்மையா என்று முறையாக விசாரித்துவிட்டுத்தான் பேசினேன் என்று காட்ட முடிந்தால் தப்பலாம். ஆகவே கடைக்காரரின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். கூலி பொருளாகக் கிடைத்தாலும் அது வருமானம்தான். 2022 ஜூலை 1 முதல், ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கிடைத்தால் 10 சதவீத வரிப் பிடித்தம் என்ற விதியும் உண்டு.

கடைக்காரர்களும் பல நேரம் ஏமாறுகிறார்கள். '50 ரிவியூ பேக்கேஜ்' வாங்கியவரின் பக்கத்தில் கூகுள் அவற்றை நீக்குவதோடு, சில காலம் புதிய ரிவியூ வராமல் தடுக்கவும் 'போலி ரிவியூ நீக்கப்பட்டது' என்ற எச்சரிக்கையைப் பக்கத்திலேயே காட்டவும் செய்யலாம். ரிவியூ போட்டால் பத்து சதவீதத் தள்ளுபடி என்பதும், திருப்தியான வாடிக்கையாளரிடம் மட்டும் கேட்பதும் விதிமீறல்தான். கல்லாப்பெட்டி பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை வைத்து எல்லோரையும் கேளுங்கள், குறை சொன்னவருக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள்.

குழு அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கடை, மருத்துவமனை, வேலை பற்றிய பதிவுகளில் பெயர் மறைக்கும் வசதியை நிறுத்துங்கள். கடையைச் சிபாரிசு செய்பவர் பில்லின் படம் போட வேண்டும் என்று விதி வையுங்கள். போடத் தயங்குகிறவர்களின் எண்ணிக்கையே உங்களுக்கு நிறையச் சொல்லும். வாரத்தில் ஒரு நாளை வியாபாரிகளுக்கு ஒதுக்கி, அன்று வெளிப்படையாக விளம்பரம் போட அனுமதித்தால் திருட்டுப் பதிவு குறையும். பதிவை ஏற்க அட்மினே காசு வாங்கினால் அதையும் குழு விவரத்தில் எழுத வேண்டும்.

ஏமாந்தவர்கள் முதலில் சான்றைப் பிடித்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், பதிவை எப்போது வேண்டுமானாலும் அழிப்பார்கள். கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங், பதிவின் லிங்க், பில், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், கமென்ட்டுகள் எல்லாம் வேண்டும். மறைமுக விளம்பரம் பற்றி ஏ.எஸ்.சி.ஐ. இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம். பண இழப்பு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.